குதிரையேற்றம் கற்பிக்கக் கற்பது

பழம்பாடல்களில் தகடூர் என்று பெயர் பெற்ற நம் தருமபுரியில் இன்று உயிருள்ள குதிரையைக் காண்பது அரிது. ஊர் எல்லையில் நிற்கும் மண்குதிரைகளே நமக்குப் பழக்கம். ஆனால் 2004ஆம் ஆண்டு வரை நம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த ஓசூரை அடுத்த மத்திகிரியில், கிழக்கிந்தியக் கம்பெனியார் 1824இல் தங்கள் படைக்குக் குதிரை வளர்க்கப் பண்ணை அமைத்தனர். அதுவே பின்னர் அரசுக் கால்நடைப் பண்ணையாக மாறிற்று. ஆகவே, குதிரையேற்றம் நமக்கு முற்றிலும் அந்நியமான கலை அன்று.

இக்கலையைக் கற்பிக்கும் பயிற்சியாளருக்கும் தனிப் பயிற்சி வகுப்புகள் உண்டு என்பதைப் பலர் அறியார். நன்றாகச் சவாரி செய்பவர் அப்படியே கற்பிக்க வேண்டியதுதானே என்று நாம் கேட்கலாம். நம் வீட்டில் குழம்பு வைக்கும் அம்மாவிடம் உப்பு எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். "கைக்குத் தெரியும்" என்பார். சவாரியும் அப்படித்தான், அது உடம்புக்குத் தெரியும், வாய்க்குத் தெரியாது. உடம்பு அறிந்ததைச் சொல்லாக மாற்றுவதே பயிற்சியாளர் முதலில் கற்கும் பாடம். 'சரியாக உட்கார்' என்றால் குழந்தைக்கு ஒன்றும் விளங்காது. 'குதிகாலைத் தாழ்த்து, குதிரையின் இரு காதுகளுக்கு நடுவே தூரத்தில் பார்' என்றால் முதுகு தானே நிமிரும்.

அடுத்தது செவிப் பயிற்சி. குதிரை நடக்கும்போது குளம்பொலி நான்காக விழும். துள்ளு நடையில் இரண்டாக. அதற்கும் விரைவான ஓட்டத்தில் மூன்றாக. நாலுகால் பாய்ச்சலில் மீண்டும் நான்காக. பாட்டு வகுப்பில் தாளம் தப்பினால் ஆசிரியைக்குத் தெரிவதுபோல, குளம்பொலி பிசகினால் குதிரைக்குக் காலில் வலியோ, லாடம் தளர்ந்ததோ என்று பயிற்சியாளர் ஐயுற வேண்டும்.

புதிதாக ஏறும் மாணவியின் கையில் கடிவாள வாரை உடனே கொடுப்பதில்லை. பயிற்சியாளர் நடுவில் நின்று, நீண்ட வார் ஒன்றால் குதிரையைத் தம்மைச் சுற்றி வட்டமாக நடத்துவார். மாணவி கைகளை விரித்துச் சமநிலை பழகுவாள். பயந்த பிள்ளை பிடிமானம் தேடி வாரை இழுத்தால், அந்த இழுப்பு குதிரையின் வாயில்தான் வலிக்கும் என்பதே இதற்குக் காரணம். கண் பார்த்தால் கை செய்யும் என்ற பழமொழி இங்கே செல்லாது!

விபத்தைத் தடுப்பது பாடத்தின் பெரும்பகுதி. தலைக்கவசத்தின் நாடாவைப் பூட்டாமல் எவரையும் ஏற்றலாகாது. பலத்த அடிபட்ட கவசம், வெளியே கீறல் இல்லாவிட்டாலும் மாற்றப்பட வேண்டும். அங்கவடிக்குள் பாதம் முழுவதும் நழுவிச் சிக்காதிருக்கக் குதிகால் உள்ள காலணி அவசியம். குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களில் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். ஆனால் நேர் பின்புறம் தெரியாது. பின்னால் சத்தமின்றிச் செல்பவர் உதை வாங்குவது அதனால்தான். குதிரையால் வாந்தி எடுக்க இயலாது என்பதும் பாடமே. ஆகவே வயிற்றுவலியால் அது புரண்டால், காத்திராமல் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.

உலகக் குதிரையேற்றச் சம்மேளனம் பயிற்சியாளர் கல்வியை மூன்று நிலைகளாக வகுத்துள்ளது. நம் நாட்டில் இராணுவத்தினருக்கு மீரத் நகரில் பயிற்சிக் கல்லூரி உண்டு. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தேசிய மாணவர் படையின் குதிரைப் பிரிவும் இயங்குகிறது. நம் மாணவியருக்கு எட்டக்கூடிய முதற்படி அதுவே என்று நினைக்கிறோம்.

பெண்களால் முடியுமா? ஒலிம்பிக்கில் ஆணும் பெண்ணும் ஒரே போட்டியில் எதிர்நிற்கும் விளையாட்டு இது. 1952இல் பெண்களுக்கு இதில் இடம் கிடைத்தது. அவ்வாண்டே டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல் வெள்ளிப் பதக்கம் பெற்றார். இளம்பிள்ளை வாதத்தால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த அவரைப் பிறர்தாம் குதிரைமேல் ஏற்றிவிட வேண்டியிருந்தது. 1956இலும் வெள்ளி வென்றார். 1982 தில்லி ஆசியப் போட்டிக்குப் பின் 41 ஆண்டுகள் கழித்து, 2023இல் ஹாங்சோவில் இந்தியா குதிரையேற்றத்தில் தங்கம் வென்றது. அந்த நால்வர் அணியில் சுதிப்தி ஹஜேலா, திவ்யாகிருதி சிங் என்ற இருவர் பெண்கள்.