சிவனொளிபாதமலைச் சரணாலயமும் அயல் தோட்ட மக்களும்

க.பொ.த. (சா/த) புவியியல் – மீட்டற் பாடம்

மாணவர்களே, பாதுகாக்கப்பட்ட பிரதேசத்திற்கு உதாரணம் கேட்டால் யால, வில்பத்து, சிங்கராஜா என்றே பலரும் எழுதுகின்றனர். ஹற்றன், மஸ்கெலியாப் பக்கத்துப் பிள்ளைகளுக்கோ லயத்து வாசலில் நின்றாலே தெரியும் காடு ஒன்று உண்டு. அதனை இங்கு நோக்குவோம்.

அமைவிடமும் உருவான விதமும்

2243 மீற்றர் உயரமான சிவனொளிபாதமலையைச் சூழ்ந்துள்ள இக்காடு 1940 ஆம் ஆண்டு சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. மத்திய, சப்ரகமுவ மாகாணங்களில் 20,000 ஹெக்டேயருக்கும் மேலாகப் பரந்துள்ளது. 2010 இல் ஹோர்ட்டன் சமவெளி, நக்கிள்ஸ் ஆகியவற்றுடன் சேர்த்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டது.

19 ஆம் நூற்றாண்டில் முதலில் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் மலைச்சரிவுகள் அழிக்கப்பட்டன. 1870களில் 5000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டுவது கட்டுப்படுத்தப்பட்டது. மேலே காடும் கீழே தேயிலையுமாக இன்று நாம் காணும் காட்சிக்கு இது ஒரு முக்கிய காரணம். பல இடங்களில் தேயிலையின் கடைசி நிரை முடியுமிடத்திலேயே காடு தொடங்குகின்றது. இடைதாங்கு வலயம் என்று சொல்ல எதுவுமில்லை. இதை நன்றாக மனத்திற் கொள்ளுங்கள். கீழே வரும் பிரச்சினை இதிலிருந்தே தொடங்குகின்றது.

நீர்

மஸ்கெலி ஓயா இம்மலைச்சரிவுகளில் ஊற்றெடுத்து மவுசாக்கலை நீர்த்தேக்கத்தை நிரப்புகின்றது. பின்னர் கனியன், லக்சபான மின்நிலையங்களுக்கு நீர் தந்து களனி கங்கையுடன் சேர்கின்றது. கொழும்பின் குடிநீரும் களனியிலிருந்தே பெறப்படுகின்றது. களு கங்கையும் இம்மலைத்தொகுதியிலேயே உற்பத்தியாகின்றது.

சிறுத்தையும் சுருக்குக் கம்பியும்

2020 மே மாத இறுதியில் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றின் மரக்கறிப் பாத்தியருகே அரிய கருஞ்சிறுத்தை ஒன்று சுருக்குக் கம்பியில் சிக்கியது. வனஜீவராசிகள் திணைக்களத்தினர் மயக்க மருந்து செலுத்தி மீட்டு உடவளவைக்குக் கொண்டு சென்றனர். கழுத்துக் காயம் ஆழமாக இருந்தமையால் மே 29 ஆம் திகதி அது இறந்தது. இழுக்க இழுக்க இறுகுவதே சுருக்கின் தன்மை. தப்ப முயலும் விலங்கு தன்னைத் தானே நெரித்துக் கொள்கின்றது.

அக்கம்பி சிறுத்தைக்கென வைக்கப்படுவது அரிது. பெரும்பாலும் காட்டுப் பன்றிக்கே வைக்கப்படுகின்றது. நாட்சம்பளம் போதாமையால் லீக்ஸ், கரட், போஞ்சி பயிரிடும் குடும்பத்தின் பல மாத உழைப்பைப் பன்றிக் கூட்டம் ஒரே இரவில் கிளறிவிடும். தோட்டங்கள் 1972, 1975 ஆம் ஆண்டுகளில் அரசுடைமையாகி, 1992 இல் முகாமைத்துவம் கம்பனிகளிடம் சென்றது. பாத்தி போட்டவரிடமோ பெரும்பாலும் காணி உறுதி கிடையாது. (இறைச்சி விற்பதற்கென்றே கம்பி கட்டுபவர்களும் இருக்கின்றனர். எல்லாப் பழியையும் வறுமையின் மேல் போட்டுவிட முடியாது.)

மறுபக்கம், கொழுந்து பறிக்கும் பெண்கள் தேயிலை நிரைகளுக்குள் சிறுத்தையைக் கண்டு அஞ்சுகின்றனர், தாக்கப்பட்டோரும் உள்ளனர். தேயிலைச் செடி சிறுத்தைக்கு நல்ல மறைவிடம். லயத்து நாய்கள் எளிதான இரை. ஆனால் பன்றியை வேட்டையாடுவதும் இதே சிறுத்தைதான். சிறுத்தை குறைந்தால் பன்றியைக் கட்டுப்படுத்தும் இயற்கை வழியொன்றும் குறைந்துவிடும்.

டிசெம்பர் பௌர்ணமி முதல் வெசாக் வரையான யாத்திரைக் காலத்தில் சேரும் உணவுக் கழிவும் பன்றிகளை ஈர்க்கின்றது. ஆகவே தோட்ட மக்கள் மட்டுமே இதற்குக் காரணர் அல்லர்.

விடை எழுதும்போது

"மக்களுக்கு அறிவூட்ட வேண்டும்" என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். கம்பி கட்டுவது குற்றம் என்பது கட்டுபவருக்கும் தெரியும். பாத்திகளுக்கு வேலி, பயிரிழப்புக்கு நட்டஈடு, கழிவகற்றல், காட்டோரத்தில் கம்பிகளைத் தேடி அகற்றல் எனக் குறிப்பாக எழுதுங்கள். யார் செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

பயிற்சி வினா

1. சிவனொளிபாதமலைச் சரணாலயத்துடன் தொடர்புடைய இரு கங்கைகளைப் பெயரிடுக.
2. தோட்டக் காணிகளின் உரித்து நிலைக்கும் சுருக்குக் கம்பிப் பாவனைக்கும் இடையிலான தொடர்பை விளக்குக.
3. நீர் நல்லதண்ணியில் வசிக்கும் மரக்கறிச் செய்கையாளர் எனக் கொண்டு, பன்றிச் சேதம் தொடர்பாகப் பிரதேச செயலாளரிடம் முன்வைக்கும் கோரிக்கைகள் மூன்றைக் காரணத்துடன் தருக.