பிடித்துவைத்த சம்பளம்

கேள்வி: ஐயா, மதுரையில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், வயது 19. மாலை ஆறு முதல் பத்து வரையிலும், ஞாயிறு முழுவதும் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தேன். பொங்கல் கூட்டத்தில் ஒரு பட்டுப்புடவை காணாமற்போனதாகச் சொல்லி, மாதச் சம்பளம் 7,000 ரூபாயையும் தராமல் நிறுத்திவிட்டார்கள். பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலின் அசலும் அவர்களிடமே இருக்கிறது. "பார்ட் டைம் பையனுக்குச் சட்டம் ஏது?" என்கிறார் முதலாளி. என்ன செய்யலாம்?

பதில்: தங்கள் முதலாளியின் வாதத்தில் ஒரு நூலிழை உண்டென்பதை மறைப்பதற்கில்லை. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், கடையில் முழுமையாகவோ முதன்மையாகவோ வேலை பார்ப்பவரையே ஊழியர் என்று வரையறுப்பதால், மாலையிலும் ஞாயிறன்றும் மட்டும் வந்து நின்றவர் அதற்குள் அடங்குவாரா என்று அவர் தரப்பு வக்கீல் தர்க்கம் செய்யக்கூடும். வேறெங்கும் உத்தியோகம் பார்க்காத தங்களுக்கு அதுவே முதன்மையான வேலை என்பது என் அபிப்பிராயம். ஆனால் அந்தச் சர்ச்சையில் காலத்தை விரயம் செய்வானேன்? 2025 நவம்பர் 21 முதல் அமலிலுள்ள ஊதியச் சட்டத் தொகுப்பில் அத்தகைய நிபந்தனையே கிடையாது.

அத்தொகுப்பின்படி, நஷ்டத்துக்காகச் சம்பளத்தில் பிடித்தம் செய்ய வேண்டுமானால், அந்தப் பொருள் தங்கள் பொறுப்பில் வெளிப்படையாக ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். அது தங்கள் கவனக்குறைவினாலேயே நேரடியாகத் தொலைந்திருக்க வேண்டும். தங்கள் சமாதானத்தைக் கேட்கவும் வேண்டும். பத்துப் பேர் புடவை விரித்துப் போடும் பண்டிகைக் கூட்டத்தில் இவற்றை மெய்ப்பிப்பது எளிதன்று. அபராதம் என்று பெயர் மாற்றினாலோ, சம்பளத்தில் நூற்றுக்கு மூன்று, அதாவது 210 ரூபாய்க்கு மேல் போக வழியில்லை. எந்தக் காரணம் சொன்னாலும் மொத்தப் பிடித்தம் பாதிச் சம்பளத்தைத் தாண்டலாகாது என்பதால், முழுத்தொகையையும் நிறுத்தியது எவ்வகையிலும் செல்லாது. வேலையை விட்டு நீக்கினால், இரண்டு வேலை நாட்களுக்குள் கணக்கைத் தீர்க்க வேண்டும் என்பதும் அதே சட்டமே.

சம்பளம் கொடுத்தாயிற்று என்று நிரூபிக்கும் பாரம் முதலாளியைச் சேர்ந்தது. எனினும், வேலை பார்த்ததற்கு ஆதாரமாக, வேலை நேரம் பற்றி வந்த வாட்ஸ்அப் செய்திகளையும், முந்தைய மாதங்களில் போனில் வந்த பணப் பதிவுகளையும் இன்றே பத்திரப்படுத்துங்கள். முதலில் பதிவுத் தபாலில் ஒரு கடிதம். பதினைந்து நாளில் பதில் இல்லையேல் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு. மூன்றாண்டு அவகாசம் உண்டென்றாலும், உடன் நின்றவர்கள் வேறு கடைக்குப் போய்விட்டால் சாட்சிக்கு அலைய நேரும்.

மதிப்பெண் பட்டியல் அடமானப் பொருளன்று. அதைத் திருப்பித் தரும்படி அதே கடிதத்தில் கேளுங்கள்; தராவிடில், காவல் நிலையத்தில் மனுக் கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீதைக் கையோடு பெற்றுக்கொண்டு வாருங்கள்.