கரண்ட் வைத்த மார்பும் அதன் பின்னால் இருக்கும் இருதயமும்



போன மாதக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர், "அக்கா, கரண்ட் வச்சா இருதயம் கெட்டுப்போயிடுமாமே? பத்து தடவையோட நிறுத்திக்கட்டுமா?" என்று கேட்டார். இடது மார்பில் புற்றுநோய்க் கட்டியை எடுத்துவிட்டு, கதிர்வீச்சு சிகிச்சைக்குப் போய்வருகிறவர். மொத்தம் 15 தடவை, 10 முடிந்திருந்தது. அவர் கேட்டதில் பாதி உண்மை. அதனால்தான் இந்த மாதப் பாடமாக இதை எடுத்துக்கொண்டோம்.

கரண்ட் என்று நாம் சொன்னாலும் அது மின்சாரம் இல்லை, சக்தி வாய்ந்த எக்ஸ்ரே கதிர். ஆபரேஷனுக்குப் பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கும் புற்றுநோய் அணுக்களை அழிக்கத்தான் வைக்கிறார்கள். பாதியில் விட்டால் நோய் திரும்ப வரும் ஆபத்து கூடும்.

ஆனால் இடது மார்புக்கு நேர் பின்னால் இருதயம் இருக்கிறது. அதன்மேலும் கொஞ்சம் கதிர் விழும். இருதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயின் உள்சுவர் புண்பட்டு, வருடக்கணக்கில் தடித்து அடைப்பாகலாம். வலது மார்பு என்றால் பொதுவாக இது குறைவு.

ஸ்வீடன், டென்மார்க் நாடுகளில் 1958 முதல் 2001 வரை இந்தச் சிகிச்சை எடுத்த 2,168 பெண்களின் விவரத்தை ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டார்கள். இருதயத்தில் விழும் கதிர் கூடக்கூட மாரடைப்பும் கூடுகிறது. 5 வருடத்துக்குள்ளேயே தொடங்கி, 20 வருடம் தாண்டியும் அந்த ஆபத்து இருக்கிறது. எவ்வளவு? வேறு கோளாறு இல்லாத 50 வயதுப் பெண்கள் 1000 பேரில், 80 வயதுக்குள் இருதய அடைப்பால் இறப்பவர்கள் 19 பேர் என்றால், இருதயத்தில் சராசரியாக 3 கிரே கதிர் விழுந்தவர்களில் அது 24 ஆகிறது. (கதிரை அளக்கும் அளவுதான் கிரே.) அந்த ஐந்தும் உயிர்தான். ஆனாலும் சிகிச்சையை நிறுத்த அது காரணமாகாது.

பி.பி., சர்க்கரை, புகையிலை இருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல். நம்மில் வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள் எத்தனை பேர் என்று நமக்கே தெரியும்!

சில ஆஸ்பத்திரிகளில் மூச்சை நன்றாக இழுத்துப் பிடிக்கச் சொல்லி கதிர் வைக்கிறார்கள். நுரையீரல் உப்பும்போது இருதயம் மார்புச் சுவரை விட்டு விலகும். எல்லா இடத்திலும் இந்த வசதி இல்லை. "எனக்கு இடது பக்கம், இருதயத்துக்கு என்ன பாதுகாப்பு?" என்று தொடங்கும் முன்பே டாக்டரிடம் தைரியமாகக் கேட்கலாம்.

இன்னொரு சகோதரிக்கு கரண்ட் வைத்து 12 வருடம். தண்ணீர்க் குடம் தூக்கினால் மூச்சு வாங்கியது. வயசாயிடுச்சு என்றும், நெஞ்சு இறுக்கத்தை வாயு என்றும் சோடா குடித்துக்கொண்டிருந்தார். டாக்டர் கேட்டபோதும் பழைய வைத்தியத்தைச் சொல்லவில்லை. ஈ.சி.ஜி. எடுக்கும்போது தழும்பைப் பார்த்த நர்சுதான் விசாரித்தார். சீட்டு எதுவும் வீட்டில் இல்லை, கறையான் அரித்துவிட்டதாம்.

சிகிச்சை சீட்டை பேங்க் பாஸ்புக்கோடு பிளாஸ்டிக் கவரில் வையுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் எந்தப் பக்கம், எந்த வருடம் கரண்ட் வைத்தது என்று நீங்களாகவே சொல்லுங்கள். மூச்சு வாங்கினாலும், நெஞ்சு இறுகினாலும், கால் வீங்கினாலும் நாள் தள்ளாதீர்கள்.

கேள்வி கேட்ட உறுப்பினர் மீதி ஐந்தையும் முடித்துவிட்டார். பஸ் செலவுக்கு குழு சேமிப்பிலிருந்து 500 ரூபாய் கடன் கொடுத்தோம். வட்டி வேண்டாம் என்று தீர்மானம் போட்டிருக்கிறோம்.