கணிப்பொறி ஏன் மௌனமாயிற்று?

எங்கள் கல்லூரி நூலகத்துக்குப் பார்வையற்ற மாணவி ஒருவர் நாள்தோறும் வருவார். திரையில் உள்ள எழுத்துகளை உரக்கப் படித்துக் காட்டும் மென்பொருள் அங்குள்ள மேசைக் கணிப்பொறியில் இருக்கிறது. அதன் துணையோடுதான் அவர் பாடம் படிக்கிறார். ஒருநாள் காலை அந்தக் கணிப்பொறி பேசவில்லை. அடுத்த வாரம் தேர்வு! ஒலி இல்லாவிட்டால் நமக்குப் பாட்டுதான் போகும். அவருக்கோ புத்தகமே மூடிக்கொண்டது.

"ஒலிபெருக்கி போய்விட்டது, புதிது வாங்க வேண்டும்" என்றார் ஒருவர். "மதர்போர்டு பழுது" என்றார் இன்னொருவர். இரண்டும் ஊகங்களே. பணம் செலவழிக்கும் முன் சோதித்துப் பார்க்கலாமே!

முதலில் ஒலி வரும் வழியைத் தெரிந்துகொள்வோம். கணிப்பொறிக்குள் இருப்பது ஒலி அன்று, வெறும் எண்கள். குறுந்தகட்டின் தரத்தில் பதிந்த பாட்டில், ஒவ்வொரு பக்கத்துக்கும் வினாடிக்கு 44,100 எண்கள் உண்டு. ஒலிச்சுற்று இந்த எண்களை ஏறி இறங்கும் மின்னழுத்தமாக மாற்றுகிறது. பெருக்கி அதற்கு வலுவூட்டுகிறது. ஒலிபெருக்கியில், காந்தத்தின் இடையே உள்ள கம்பிச் சுருள் முன்னும் பின்னும் அசைந்து கூம்பை அதிரச் செய்கிறது. காற்று அதிர்கிறது, நாம் கேட்கிறோம். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் மௌனம்தான்.

கண்ணி கண்ணியாகத் தேடுவதைவிடச் சங்கிலியை நடுவில் பிரிப்பது நல்லது. ஒலிபெருக்கியின் செருகியைக் கழற்றிவிட்டு, அதே பச்சை நிறத் துளையில் ஹெட்போனைச் செருகுங்கள். ஒலி கேட்டால் பழுது ஒலிபெருக்கியின் பக்கம். கேட்காவிட்டால் கணிப்பொறியின் பக்கம். ஒரே சோதனையில் பாதிச் சங்கிலி கழிந்துவிட்டது அல்லவா?

எங்கள் ஹெட்போனில் ஒலி வரவில்லை. அதே ஹெட்போன் பக்கத்துக் கணிப்பொறியில் நன்றாகப் பாடியது. ஆகவே ஹெட்போன் குற்றவாளி அன்று. அடுத்த கேள்வி, கடைசியாக மாறியது எது? "நேற்று மாலை ஏதோ பெட்டியைப் பிரித்து மாட்டினார்களே, சார்" என்றார் அந்த மாணவி. துப்புக் கிடைத்துவிட்டது! மாட்டியது புது மானிட்டர். அதன் எச்.டி.எம்.ஐ. கம்பி படத்தோடு ஒலியையும் சுமக்க வல்லது. கணிப்பொறி ஒலியையும் மானிட்டருக்கே அனுப்பத் தொடங்கிவிட்டது. அந்த மானிட்டரிலோ ஒலிபெருக்கியே இல்லை! திரை மூலையிலுள்ள ஒலிக்குறியைச் சொடுக்கி, ஒலி போகும் இடத்தை மாற்றினோம். கணிப்பொறி பேசியது. செலவு ஒரு பைசாவும் இல்லை.

கோணலான ஒலியும் துப்புக் கொடுக்கும். இடைவிடாத 'ம்ம்' என்ற ரீங்காரம் கேட்டால், வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வு உள்ளே நுழைந்திருக்கலாம். கணிப்பொறியையும் ஒலிபெருக்கியையும் ஒரே மின்பலகையில் இணைத்துப் பாருங்கள், பலமுறை அடங்கிவிடும். ஆனால் எந்தப் பெட்டியையும் திறக்காதீர்கள்.

இன்னொரு வேடிக்கை. ஹெட்போனில் இசைக்கருவிகள் கேட்கின்றன. பாடகர் குரலை மட்டும் காணோம்! ஏன்? மைக் இல்லாத ஹெட்போனின் செருகியில் மூன்று பகுதிகள் உண்டு. நுனி இடக் காதுக்கு, நடுப்பகுதி வலக் காதுக்கு, அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான திரும்பும் பாதை. அந்தப் பாதை அறுந்தால், மின்னோட்டம் ஒரு காதுக்கருவி வழியே போய் மற்றதன் வழியேதான் திரும்ப முடியும். அப்போது இரு பக்க மின்னழுத்தங்களின் வித்தியாசம் மட்டுமே ஒலிக்கும். குரலைப் பெரும்பாலும் இரு பக்கமும் சமமாகப் பதிவு செய்வார்கள். சமத்திலிருந்து சமத்தைக் கழித்தால் பூஜ்யம், குரல் மறைகிறது! செருகியைச் சற்றே வெளியே இழுத்துப் பாருங்கள். சில சமயம் இதை நீங்களே கேட்கலாம்.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. ஹெட்போனின் இடப்பக்கத்தில் ஒலி கேட்கவில்லை. பழுது கணிப்பொறியிலா, ஹெட்போனிலா, அல்லது உங்கள் காதிலேயா? காசு செலவில்லாமல் கண்டுபிடியுங்கள் பார்க்கலாம்!