லித்தியம் பெட்டரி கட்டப் போகும் தம்பிமாருக்கு ஒரு பாடம்



2022ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றதை நாம் யாரும் மறக்கவில்லை. பிள்ளைகள் குப்பி லாம்பு வெளிச்சத்தில் படித்தார்கள். மண்ணெண்ணெய்க்கும் வரிசை. அதற்குப் பிறகு நமது லயங்களில் சில இளைஞர்கள் சொந்தமாகவே பெட்டரி கட்டப் பழகிக்கொண்டார்கள். கெட்டிக்காரத்தனம்தான். நாம் குறை சொல்லவில்லை.

ஆனால் சென்ற மழைக்காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். பழைய லெப்டொப் பெட்டரியை உடைத்து எடுத்த செல்களை ஒரு தம்பி பால்மா டின்னுக்குள் அடுக்கி, இரவு சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டார். நடுச்சாமத்தில் சீறல் சத்தம், பிறகு புகை. அவருடைய அம்மா எழுந்து கத்தியதால் எல்லாரும் வெளியே ஓடி வந்தார்கள். மெத்தையும் தங்கச்சியின் பாடப் புத்தகங்களும் எரிந்து போயின. உயிர்கள் தப்பின. லயத்தில் நமக்கெல்லாம் ஒரே கூரை. ஒரு காம்பராவில் பற்றினால் அது பத்துக் குடும்பத்துக்கும் தீ.

ஏன் எரிகிறது?

லித்தியம் செல் சிறியது, ஆனால் அதற்குள் அடங்கிய சக்தி பெரியது. அளவுக்கு மேல் சார்ஜ் ஏறினாலோ, ப்ளஸும் மைனஸும் நேரே முட்டிக்கொண்டாலோ, அடிபட்டு நசுங்கினாலோ உள்ளே சூடு பிறக்கும். அந்தச் சூடு இன்னும் சூட்டை உண்டாக்கும். ஒரு கட்டத்துக்கு மேல் நாம் வயரைக் கழற்றினாலும் அது நிற்காது. பக்கத்துச் செல்லும் பற்றிக்கொள்ளும்.

எந்தச் செல் வாங்குவது?

முதன்முதலாகச் செய்பவர் லெப்டொப் செல்லைத் தொட வேண்டாம். அது 3.6 அல்லது 3.7 வோல்ட் இனம். 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறினால் ஆபத்து. பழைய செல்லின் உள்நிலைமையும் நமக்குத் தெரியாது. லித்தியம் அயன் பொஸ்பேட் என்ற இனத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒரு செல் 3.2 வோல்ட், முழுச் சார்ஜ் 3.65 வோல்ட். இது சூட்டைக் கூடத் தாங்கும். எரியவே எரியாது என்று நினைத்துவிடாதீர்கள். மற்றதைவிட ஆபத்துக் குறைவு, அவ்வளவுதான்.

ஒரே கம்பனி, ஒரே அளவு, ஒரே நாளில் வாங்கிய 4 புதுச் செல்கள் வேண்டும். ஒவ்வொன்றும் 6 அம்பியர் மணி என்று வையுங்கள். நான்கையும் தொடராக இணைத்தால் 12.8 வோல்ட். 12.8ஐ 6ஆல் பெருக்கினால் 76.8 வாட் மணி. 5 வாட் எல்.இ.டி. பல்ப் ஒன்று கணக்குப்படி 15 மணித்தியாலம் எரியும். கொஞ்சம் மிச்சம் வைத்து 12 என்று எண்ணுங்கள். பிள்ளைகளின் படிப்புக்கு இது தாராளம்.

செய்யும் ஒழுங்கு

1. மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். ஸ்பேனரின் பிடியில் டேப் சுற்றுங்கள். காய்ந்த மேசையில் வேலை செய்யுங்கள்.

2. மல்டிமீட்டரால் நான்கு செல்களையும் அளவுங்கள். 0.05 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசமுள்ளதைச் சேர்க்காமல் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள்.

3. ஸ்குரூ பூட்டும் முனையுள்ள செல்லே நல்லது. செல்லின் மேல் நேரே ஈயம் வைத்துச் சூடு காட்டவே கூடாது. ஒன்றின் ப்ளஸை அடுத்ததன் மைனஸோடு பட்டியால் பூட்டுங்கள். பூட்டிய முனையை உடனே டேப்பால் மூடுங்கள்.

4. காவல் பலகை வேண்டும். கடையில் பி.எம்.எஸ். என்பார்கள். அயன் பொஸ்பேட் 4 செல்லுக்கு உரியதைக் கேட்டு வாங்குங்கள். ஒரு செல் அளவு மீறி ஏறினாலும் இறங்கினாலும் இது தொடர்பைத் துண்டித்துவிடும். இது இல்லாமல் பெட்டரி கட்ட வேண்டாம்.

5. கூட வரும் படத்தைப் பார்த்து, செல் பக்கத்துத் தடித்த மைனஸ் வயரை முதலில் பூட்டுங்கள். மெல்லிய வயர்களை ஒழுங்காக ஒவ்வொரு செல்லின் ப்ளஸிலும் பூட்டுங்கள். அவற்றின் ப்ளக்கைப் பலகையில் குத்துமுன் அளவுங்கள்: மைனஸிலிருந்து ஏறத்தாழ 3.2, 6.4, 9.6, 12.8 என்று படிப்படியாக ஏற வேண்டும். ஏறாவிட்டால் வயர் மாறிவிட்டது. குத்தாதீர்கள்.

6. ப்ளஸ் வயரில், பெட்டரிக்குக் கிட்டவே 5 அம்பியர் பியூஸ் போடுங்கள். பல்ப், சார்ஜர் இரண்டும் அந்தப் பியூஸுக்கு அப்பால்தான். வேலை முழுதும் முடிந்த பிறகே பியூஸைச் செருகுங்கள்.

7. தடித்த பிளாஸ்டிக் பெட்டியில் அசையாமல் வையுங்கள். தகர டின் வேண்டவே வேண்டாம். முனை தகரத்தில் பட்டால் அப்போதே ஷோர்ட்.

சார்ஜ் போடும்போது

இந்த இனத்துக்கென்று செய்த 14.6 வோல்ட், 2 அம்பியர் சார்ஜர் வாங்குங்கள். வாகனப் பெட்டரி சார்ஜர் உதவாது. சோலார் தகட்டையும் நேரே கொடுக்காதீர்கள். 12 வோல்ட் என்று எழுதியிருக்கும் தகடு வெயிலில் 18 வோல்ட்டுக்கு மேலும் காட்டும். இடையில் இதற்குரிய கண்ட்ரோலர் வேண்டும். சீமெந்துத் தரையில், படுக்கைக்கும் விறகு அடுப்புக்கும் தூரமாக வையுங்கள். வாசலடியில் வைக்காதீர்கள், பற்றினால் வெளியேற அந்த வாசல்தான் வழி. முதல் சார்ஜின்போது கூடவே இருந்து நான்கு செல்லையும் அளந்து பாருங்கள். பெரட்டுக்குப் போகும்போதும் தூங்கும்போதும் சார்ஜ் போட வேண்டாம்.

ஆபத்து அறிகுறிகள்

செல் உப்புதல், கை வைக்க முடியாத சூடு, பெயின்ட் தின்னர் போன்ற வாசம், சீறல் சத்தம். உப்பிய செல்லைக் குத்தவோ மீண்டும் சார்ஜ் பண்ணவோ கூடாது. புகை வந்துவிட்டால் பெட்டரியைத் தூக்கப் போகாதீர்கள். அந்தப் புகை நஞ்சு. பிள்ளைகளையும் வயசானவர்களையும் முதலில் வெளியே எடுத்து, கதவைச் சாத்தி, லயம் முழுவதையும் எழுப்புங்கள். மெயின் சுவிட்சை நிறுத்திய பிறகு, தூர நின்று தண்ணீரை ஏராளமாக ஊற்றலாம். அணைந்தாலும் சில மணித்தியாலம் கழித்துத் திரும்பப் பற்றக்கூடும். ஆகவே திறந்த வெளியில் விட்டுவையுங்கள். யாருக்காவது காயம் என்றால் 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும்.

பழுதான செல்லை அடுப்பிலோ தேயிலை மலையிலோ வீசாதீர்கள். முனைகளில் டேப் ஒட்டி, பழைய மின்சாதனங்கள் சேர்க்கும் இடத்தில் கொடுங்கள்.

கடைசியாகத் தாய்மாருக்கும் தகப்பன்மாருக்கும் ஒரு வார்த்தை. மகன் பெட்டரி கட்டுகிறான் என்றால் ஏசாதீர்கள். பக்கத்தில் இருந்து, “பியூஸ் எங்கே? காவல் பலகை எங்கே?” என்று இரண்டு கேள்வி கேளுங்கள். பதில் வராவிட்டால் சார்ஜ் போட விடாதீர்கள். மீட்டர் இல்லாத தம்பிமார் நலன்புரி அறைக்கு எடுத்து வரட்டும். நாம் சேர்ந்து அளந்து பார்ப்போம்.