விரலுக்குப் பதில் சொல்லும் சத்தம்

திருகோணமலை

அன்புள்ள மகளுக்கு,

நீ வட்ஸ்அப்பில் அனுப்பிய பாட்டை வடிவாகக் கேட்டேன். மெட்டு நல்லது. பாட்டோடு நீ அனுப்பிய கேள்வி அதைவிட நல்லது. தொடக்கத்தில் வரும் எலெக்ட்ரிக் பியானோவைக் கேட்டதும் சிநேகிதிகள் "கலியாண வீடியோச் சத்தம்" என்று பகிடி பண்ணினார்களாம். இந்தக் காலத்துப் பாட்டில் பழைய ஓர்கன் சத்தங்கள் எல்லாம் கோமாளித்தனமாகத்தான் கேட்குமா, எடுத்துவிடட்டுமா என்று எழுதியிருக்கிறாய்.

எடுக்க வேண்டாம். ஆனால் இப்போது இருக்கிற மாதிரியே விடவும் வேண்டாம். ஏன் என்று விளங்க, அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று நீ முதலில் அறிய வேண்டும்.

உன் ஓர்கனில் எலெக்ட்ரிக் பியானோ என்ற பெயரில் குறைந்தது இரண்டு சத்தங்கள் இருக்கும். கருவி செய்யும் கம்பனிகள் 1991இல் ஏற்றுக்கொண்ட ஜெனரல் மிடி பட்டியலில் உள்ள 128 சத்தங்களில் அவை 5ஆவதும் 6ஆவதும். பெரும்பாலான கருவிகளில் ஐந்தாவது, றோட்ஸ் என்ற பியானோவின் நகல். ஆறாவது, யமஹா டி.எக்ஸ். 7 என்ற சிந்தசைசரின் நகல்.

ஹரல்ட் றோட்ஸ் அமெரிக்காவில் பியானோ சொல்லிக் கொடுத்தவர். இரண்டாம் உலகப் போரில் விமானப்படையில் இருந்தபோது, காயப்பட்டுக் கட்டிலில் கிடந்த படையினர் மடியில் வைத்து வாசிக்க ஒரு சின்னப் பியானோ செய்தார். குண்டுவீச்சு விமானங்களில் மிஞ்சிய அலுமினியக் குழாய்கள்தான் அதன் உறுப்புகள். விமானத்தைக் குண்டோடு மட்டும் நினைக்கப் பழகிய ஊர் உன் சம்பூர். விமானத்தின் உலோகத்திலிருந்து இப்படியும் ஒன்று பிறந்தது என்பது உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

பிறகு அவர் கித்தார் செய்யும் லியோ ஃபெண்டரோடு சேர்ந்தார். 73 கட்டைகள் கொண்ட பெரிய றோட்ஸ் 1965இல் வந்தது. அதன் உள்ளே ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு சுத்தியல் உண்டு. அது ஒரு மெல்லிய உருக்குக் கம்பியை அடிக்கும். பக்கத்தில் உள்ள காந்தச் சுருள் அந்த அதிர்வை மின்சாரமாக்கும். மெல்லத் தொட்டால் உருண்டு திரண்ட நாதம். ஓங்கி அடித்தால் கம்பி காந்தத்தின் முன் கூடுதலாக ஆடி நாதம் கரகரக்கும், குரைக்கும் என்றே சொல்லலாம். விரலின் வேகம் கூடும்போது சத்தத்தின் அளவு மட்டுமல்ல, அதன் குணமே மாறுகிறது. வேர்லிட்சர் என்ற இன்னொரு பியானோவில் கம்பிக்குப் பதிலாக உருக்கு நாக்குகள். 1959இல் ரே சார்ள்ஸ் பெயரெடுத்த 'வாட் ஐ சே' பாட்டைத் தொடங்குவது அந்த நாக்குகள்தான்.

இனி மலிவான ஓர்கனுக்கு வா. அங்கே றோட்ஸை யாரோ ஒரு நாள் ஒரு அளவில் அடித்த சத்தம் பதிந்து கிடக்கிறது. நீ தடவினாலும் குத்தினாலும் அந்த ஒரே அடிதான் திரும்பி வரும். உயிரோடு மாறவேண்டிய ஒரு சத்தம் மாறாமல் நிற்பதைக் காது உடனே பிடித்துவிடும். உன் சிநேகிதிகளுக்குக் காரணம் தெரியாமல் இருக்கலாம். அவர்கள் காதில் பிழை இல்லை.

இரண்டாவது காரணம் தேய்மானம். டி.எக்ஸ். 7 வந்தது 1983இல். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஜோன் சௌனிங் 1967இல் கண்டுபிடித்த முறையில் அது இயங்கியது. சுத்தியல் இல்லை, கம்பி இல்லை. ஓர் அலை இன்னோர் அலையைக் குலைப்பதால் கண்ணாடிச் சத்தம் பிறக்கும். நல்ல கருவி, விரலுக்கும் பதில் சொல்லும். ஆனால் அதில் புதுச் சத்தம் அமைப்பது பெரும் தலைவலி. ஆகவே அநேகர் கம்பனி வைத்துக் கொடுத்த சத்தங்களையே வாசித்தார்கள். உலகம் முழுவதும் காதல் பாட்டுகளில் ஒரே பியானோ கேட்டது. பிறகு அதன் நகலின் நகல் விளம்பரத்துக்கும் வந்தது, கலியாண வீடியோவுக்கும் வந்தது.

இந்தத் தேய்மானம் நமக்குப் புதிதல்ல. 1954இல் வந்த 'நாகின்' என்ற இந்திப் படத்தின் மகுடி இசை உனக்குத் தெரியும். தெரியாது என்று நினைத்தாலும் தெரியும். அதில் வாசித்தது மகுடியே அல்ல. பிரெஞ்சுக்காரர் கொன்ஸ்தாந் மார்த்தன் 1947இல் செய்த கிளாவியோலின் என்ற மின் விசைக் கருவி. படத்துக்கு இசை ஹேமந்த் குமார். கிளாவியோலினை வாசித்தவர் பின்னாளில் இசையமைப்பாளரான கல்யாண்ஜி. ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டும் எழுப்பக்கூடிய கருவி அது. அந்தக் குறையை அவர் வசதியாக்கிக்கொண்டார்: மகுடியின் மெட்டும் ஒற்றைக் கோடுதானே? நாடே அதை உண்மையான மகுடி என்று நம்பியது. இன்று அதே மெட்டு கலியாண வீடுகளில் பாம்பு மாதிரி நெளிந்து ஆடிச் சிரிப்பதற்கு. கருவியும் மாறவில்லை, வாசிப்பும் மாறவில்லை. கேட்டுக் கேட்டுச் சனத்துக்குப் பழகிப்போனது.

தேய்ந்ததை, கைவிட்டதை எடுத்து வெற்றி கண்டவர்கள் என்ன செய்தார்கள் என்று பார். நான் அறிந்து இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, கருவியிடம் மட்டும் உள்ள திறமையைத் தேடுவது. பம்பாயில் சினிமாப் பாட்டுகளுக்கு வாசித்த சரண்ஜித் சிங், 1982இல் றோலண்ட் கம்பனியின் மூன்று கருவிகளை வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிந்து இசைத்தட்டாக்கினார். அவற்றில் ஒன்றான டி.பி. 303, பேஸ் கித்தாருக்குப் பதிலாகச் செய்யப்பட்டு, அந்த வேலையில் தோற்றுப்போன பெட்டி. ஆனால் சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் வசதி அதில் இருந்தது. ராகத்துக்கு அது பொருந்தியது. தட்டு விலைபோகவில்லை. 2010இல் மறுபடி வெளிவந்தபோது, 80களின் பிற்பாதியில் சிக்காகோவில் அதே பெட்டியிலிருந்து பிறந்த நடன இசையை இவர் முன்பே தொட்டுவிட்டார் என்று மேல்நாட்டு ரசிகர்கள் வியந்தார்கள்.

இரண்டாவது வழி, மலிவை மறைக்காமல் முன்னுக்கு நிறுத்துவது. 1980இல் கசியோவில் வேலைக்குச் சேர்ந்த ஒகுடா ஹிரோகோ என்ற இளம்பெண், எம்.டி. 40 என்ற சின்னக் கீபோர்டுக்கு 'றொக்' என்ற தாளத்தை அமைத்தார். வீட்டுப் பிள்ளைகள் தட்டிப் பழகும் பெட்டி அது. 1985இல் ஜமேக்காவில் பாடகர் வேய்ன் ஸ்மித்தின் பாட்டுக்காகத் தயாரிப்பாளர் கிங் ஜமி அந்தத் தாளத்தை வேகம் குறைத்துப் போட்டார். 'ஸ்லெங் டெங்' என்ற அந்த இசைமேல் நூற்றுக்கணக்கான பாட்டுகள் எழுந்தன. ரெகே இசை கணினிக் காலத்துக்குத் திரும்பியது அங்கேதான். பெட்டியின் அசையாத் தன்மையே அந்தப் பாட்டின் முதுகெலும்பு.

விரலுக்குப் பதில் சொல்ல வை, அல்லது அசையாததை அசையாததாகவே முன்னுக்கு வை. இரண்டும் இல்லாமல், விலைகூடிய பியானோ என்று பாவனை பண்ணிப் பின்னால் பூசிவிடும்போதுதான் சத்தம் மலிவாகிறது.

இதில் கேட்பவரின் பங்கும் உண்டு. 2006இல் போரால் இடம்பெயர்ந்த சம்பூர்ச் சனம் திரும்பி வந்து குடியேற ஒன்பது, பத்து வருடம் பிடித்தது. கிளிவெட்டி முகாம்களில் இருந்த குடும்பங்களில் கலியாணக் கசெட்டைக் காப்பாற்றி வைத்தவர்கள் எத்தனை பேர்? உன் வயதுக்காரருக்குப் பகிடியாகக் கேட்கும் அந்தப் பியானோ, அம்மாவின் வயதுக்காரருக்குத் தொலைந்துபோன ஒரு நாளைத் திருப்பித் தரலாம். யாருக்குப் பாடுகிறாய் என்பது தெரியாமல் ஒரு சத்தத்தை மலிவு என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. பஜனையிலும் நாடகத்திலும் இன்று நம் சொத்தாக நினைக்கும் ஆர்மோனியத்தையே அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை தடை செய்து வைத்திருந்தது.

இனி வேலை. முதலில் உன் ஓர்கனின் மெனுவில், விரலின் வேகத்துக்கு ஏற்பச் சத்தத்தை மாற்றும் 'டச்' என்பதைத் தேடித் திறந்து விடு. அந்த வசதி இல்லாவிட்டால் வொல்யூம் பெடல் ஒன்றைப் பொருத்திக் காலால் ஏற்றி இறக்கு. கோரஸ், ரிவேர்ப் இரண்டையும் அணைத்துவிட்டுப் பழகு. அவை பிழைகளை மூடும், உன் காதையும் மூடும். பேஸ் கித்தார் இருக்கும் பாட்டில் இடக்கை அடிச்சுரத்தைத் தொடவேண்டாம். ஒரு கோர்டுக்கு மூன்று சுரம் போதும். எலெக்ட்ரிக் பியானோவில் பிட்ச் சக்கரத்தைத் திருப்பிக் கமகம் காட்டாதே. கம்பியை அடிக்கும் கருவி அப்படி வளையாது. காது உடனே பொம்மை என்று சொல்லிவிடும். கமகத்தைக் குரலுக்கும் வயலினுக்கும் விடு.

பத்திரகாளி அம்மன் கோவில் திருவிழாவில் வாசிப்பதானால் இன்னொன்று. மரத்தில் கட்டும் ஹோர்ன் ஸ்பீக்கரில் கீழ்ச்சுரம் வராது. நடுவில் உள்ளது மட்டும் கூர்மையாக வரும். வீட்டில் இனிக்கும் றோட்ஸ் அங்கே தகரமாகிவிடும். நடு ஸ்தாயிக்குச் சற்று மேலே, குறைத்து, விட்டுவிட்டு வாசி. 80களின் இளையராஜா பாட்டுகளை எடுத்து, அவரிடம் நெடுங்காலம் கீபோர்ட் வாசித்த விஜி மேனுவல் போன்றவர்கள் பாடகருக்கு எங்கே வழி விட்டார்கள் என்று கவனித்துக் கேள்.

உன் பாட்டுக்கு வருகிறேன். தொடக்கப் பியானோ இருக்கட்டும். குரல் வந்த பிறகும் அது உன் மெட்டையே கூடவே இரட்டித்து வாசிக்கிறது, அதை நிறுத்து. சரணத்தில் பூசியிருக்கும் ஸ்ட்ரிங்ஸ் முழுவதையும் எடு. உண்மையான கலியாண வீடியோ அதுதான். கடைசிப் பல்லவியில் மட்டும் கட்டைகளைக் கொஞ்சம் ஓங்கித் தட்டிப் பார். பிறகு, பியானோ இருக்கும் வடிவத்தையும் அதை முழுக்க எடுத்த வடிவத்தையும் சேர்த்து அனுப்பு. எது நல்லது, ஏன் என்று நீயே முதலில் எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் நான் வாய் திறப்பேன்.

அன்புடன்,
சித்தப்பா