மேடையிலிருந்து திரைக்கு

கேள்வி: மேடை நாட்டிய நாடகத்தைப் படமாக்கும்போது எதையெல்லாம் மாற்ற வேண்டியிருக்கும்?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: முதலில் மாறுவது பார்வையாளரின் இடம். அரங்கில் ஒரே இருக்கையிலிருந்து முழு மேடையையும் பார்க்கிறார். திரையில் கேமரா காட்டுவதை மட்டுமே பார்க்கிறார். முகத்தை நெருங்கிக் காட்டினால் பாதவேலை மறைந்துவிடும். தூரம் போனால் அபிநயம் கரைந்துவிடும்.

இந்தச் சிக்கலை நம் நாட்டில் துணிந்து எதிர்கொண்ட படம், நடனக் கலைஞர் உதயசங்கர் இயக்கி நடித்த ‘கல்பனா’ (1948). இந்திப் படமானாலும் உருவானது சென்னை ஜெமினி ஸ்டுடியோவில், ஒளிப்பதிவு கே. ராம்நாத். நாட்டியப் பேரொளி பத்மினி முதலில் திரையில் தோன்றியதும் இதில்தான். மேடை ஆட்டத்தை அப்படியே பதிவு செய்ய உதயசங்கர் விரும்பவில்லை. கலைமையம் அமைக்கக் கனவு காணும் கலைஞனின் கதைக்குள் நடனங்களைக் கோத்தார். தொழிலாளர்களின் உடல்கள் இயந்திர உறுப்புகள்போல ஒரே தாளத்தில் இயங்கும் காட்சியில் நிழலும் ஒளியும்கூட ஆடுகின்றன. படத்தின் உச்சம் அதுவே. வசூலில் தோற்ற இப்படம், புதுப்பிக்கப்பட்டு 2012இல் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது.

ஆட்டத்தின் நீளமும் குறையும். மேடையில் நிதானமாக விரியும் ஆலாபனையைத் திரையில் படத்தொகுப்பு சுருக்கிவிடும். ஆனால் ஒரு அடவு முடியுமுன் வெட்டினால் தாளம் அறுந்துபோகும். வெட்டு விழ வேண்டிய இடம் தாளக்கட்டு முடியும் இடம்.